மாகாண சபைக்கு வோட்டுப் போடாத ஒரு தலைமுறை



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரத்தை ஒதுக்கி, முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

கிழக்கு மாகாணத்தில் 1995ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்த ஒருவரைக் கூப்பிட்டு, "மாகாண சபைத் தேர்தலில் எத்தனை தரம் வோட்டுப் போட்டிருக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு தரமும் இல்லை என்றுதான் பதில் வரும். அவர் சோம்பேறி என்பதாலோ அரசியலில் அக்கறை இல்லாததாலோ அல்ல. கடைசியாக நமது மாகாணத்துக்குத் தேர்தல் நடந்தது 2012 செப்டம்பர் 8ஆம் திகதி. அன்று அவருக்கு 18 வயது நிரம்பியிருக்கவில்லை. இன்று அவர் கலியாணம் முடித்து, பிள்ளையைப் பாலர் பாடசாலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கலாம். வோட்டு மட்டும் இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

வாக்களிப்பதற்குத் தடை என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது மிரட்டல், கள்ள வோட்டு, அடையாள அட்டை இல்லாமை. தேர்தலையே நடத்தாமல் விடுவதைவிடப் பெரிய தடை எது? வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்கிறது, அடையாள அட்டை இருக்கிறது, வாக்களிப்பு நிலையமாக மாற்ற நமது பாடசாலைக் கட்டடங்கள் இருக்கின்றன. தேர்தல்தான் இல்லை.

இந்தக் கதவு எப்படிப் பூட்டப்பட்டது என்பதை நமது இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டும். யாரும் ஒரே நாளில் வந்து "இனி மாகாண சபைத் தேர்தல் கிடையாது" என்று அறிவிக்கவில்லை.

2017இல் அப்போதைய அரசாங்கம் எல்லா மாகாண சபைத் தேர்தல்களையும் ஒரே நாளில் நடத்துவதற்காக 20ஆவது திருத்தச் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதற்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் சர்வஜன வாக்கெடுப்பும் தேவை என உயர் நீதிமன்றம் சொன்னது. உடனே வேறு வழி தேடினார்கள். மாகாண சபைகளில் பெண்களின் பிரதிநிதித்துவத்தை உயர்த்துவதற்கென்று வந்த ஒரு சட்டமூலம் இருந்தது. குழுநிலையில் அதற்குள் திருத்தங்களைப் புகுத்தி, தேர்தல் முறையையே மாற்றினார்கள். அதுதான் 2017ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம். அரசாங்கத்தில் அங்கம் வகித்த முஸ்லிம் கட்சிகளும் அதற்கு ஆதரவளித்தன.

அந்தச் சட்டத்தின்படி பாதி உறுப்பினர்கள் தொகுதி வாரியாகவும் பாதி விகிதாசாரமாகவும் வர வேண்டும். அதற்குப் புதிதாகத் தொகுதி எல்லைகளை வகுக்க வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை தயாராகி 2018 ஓகஸ்ட்டில் பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். ஆதரவாக ஒருவர்கூட இல்லை. அறிக்கையை முன்வைத்த அரசாங்கத் தரப்பிலும் ஒருவரும் இல்லை. பிறகு சட்டப்படி பிரதமர் தலைமையில் ஒரு மீளாய்வுக் குழு அமைக்கப்பட்டது. அது இரண்டு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். தரவே இல்லை. 2019இல் அன்றைய ஜனாதிபதி உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். பழைய சட்டத்தின் கீழ் தேர்தலை நடத்த முடியாது என்று பதில் வந்தது.

ஆக, பழைய முறை செத்துவிட்டது, புதிய முறை பிறக்கவில்லை. கிழக்கு, வடமத்திய, சப்ரகமுவ சபைகளின் காலம் 2017இல் முடிந்தது. 2019 முடிவதற்குள் ஒன்பது சபைகளும் வெறுமையாகின. அதன் பிறகு ஜனாதிபதிகள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின. ஒவ்வொரு தரப்பும் "விரைவில் நடத்துவோம்" என்றது. பூட்டியவர்கள் ஒருவர், சாவியைத் தொலைத்தவர்கள் இன்னொருவர், தேடுவதாகச் சொல்பவர்கள் வேறொருவர். வெளியில் நிற்பது மட்டும் எப்போதும் நாம்தான்.

இதில் இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். நமது அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை இறைமை மக்களிடம் இருக்கிறது என்றும் வாக்குரிமை அதில் அடங்கும் என்றும் சொல்கிறது. 4(உ) உறுப்புரை அந்த வாக்குரிமை எங்கே பயன்படும் என்று பட்டியலிடும்போது, ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல், சர்வஜன வாக்கெடுப்பு ஆகிய மூன்றையும்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மாகாண சபை அங்கே எழுதப்படவில்லை. அதனால்தான் மாகாணத் தேர்தலை ஒத்திப்போடுவது ஆட்சியாளர்களுக்கு இவ்வளவு இலகுவாக இருக்கிறது. ஜனாதிபதித் தேர்தலை எட்டு வருடம் நடத்தாமல் விட்டிருந்தால் இந்த நாடு சும்மா இருந்திருக்குமா?

"மாகாண சபை இல்லாமலே எல்லாம் நடக்குதுதானே மாஸ்டர், எதுக்கு இந்த வெள்ளை யானை?" என்று கேட்கிற சகோதரர்கள் நம்மில் நிறையப் பேர். கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. சபை இருந்த காலத்திலும் வீண் செலவு இருந்தது, வாகனமும் வெளிநாட்டுப் பயணமும் இருந்தன. ஆனால் ஆசிரியர்களான நாங்கள் இதை வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறோம்.

நாட்டில் சுமார் பத்தாயிரம் அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றில் தேசிய பாடசாலைகள் நானூறு அளவில்தான். மீதி அனைத்தும் மாகாணத்தின் கீழ் வருபவை. நமது பிள்ளைகளில் பெரும்பாலானோர் படிப்பது அந்தப் பாடசாலைகளில். ஆசிரியர் இடமாற்றம், வெற்றிடம் நிரப்புதல், கட்டடம், தளபாடம், அதிபர் நியமனம் என்று எதை எடுத்தாலும் கோப்பு மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் அமைச்சுக்கும்தான் போய்ச் சேரும். மாகாண வைத்தியசாலைகள், மாகாண வீதிகள், கமத்தொழில், கூட்டுறவு எல்லாம் இப்படித்தான்.

இவற்றுக்கெல்லாம் மேலே இருந்த மக்கள் பிரதிநிதி இப்போது இல்லை. ஜனாதிபதி நியமிக்கும் ஆளுநர் இருக்கிறார். நல்ல ஆளுநர் வரலாம், வராமலும் போகலாம். அவரை நாம் தெரிவு செய்யவில்லை, நமக்குப் பிடிக்காவிட்டால் மாற்றவும் முடியாது. விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை என்று ஒரு பெற்றோர் முறையிட வேண்டுமானால், ஊரில் இருந்த மாகாண சபை உறுப்பினரின் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். அடுத்த முறை வோட்டுக் கேட்டு வரவேண்டியவர் அவர் என்பதால் கதவைத் திறப்பார். ஆளுநர் யாரிடம் வோட்டுக் கேட்டு வரப்போகிறார்? மகஜர் கொடுக்கலாம், படம் எடுத்து முகநூலில் போடலாம், அவ்வளவுதான்.

2012 தேர்தலில் கிழக்கு மாகாண சபையின் 37 ஆசனங்களுக்கும் மூவின மக்களும் வாக்களித்தார்கள். எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. எல்லாரும் எல்லாரோடும் பேச வேண்டியிருந்தது. அந்தச் சபைக் காலத்தில் இரண்டு முஸ்லிம் முதலமைச்சர்கள் இருந்தார்கள். 2015க்குப் பிறகு தமிழ் உறுப்பினர்களும் முஸ்லிம் உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு நிர்வாகத்தை நடத்தினார்கள். குறைகள் பல இருக்கலாம். ஆனால் காணிப் பிரச்சினையையும் எல்லைப் பிரச்சினையையும் ஒரே மேசையில் இருந்து பேச ஓர் இடம் இருந்தது. அந்த மேசை போனதும், ஒவ்வொரு பிரச்சினையும் வீதிக்கும் நீதிமன்றத்துக்கும் முகநூல் சண்டைக்கும்தான் போகிறது.

நமது சமூகத்துக்குள் ஒரு பயமும் இருக்கிறது. புதிய தொகுதி முறை வந்தால், கிழக்குக்கு வெளியே சிதறி வாழும் முஸ்லிம்களின் பிரதிநிதித்துவம் கரைந்துபோகும் என்பது. அது நியாயமான பயம். அதற்குப் பதில் தேர்தலே வேண்டாம் என்பதல்ல. பழைய விகிதாசார முறையில் ஒரு தடவை தேர்தலை நடத்திவிட்டு, முறை மாற்றத்தைப் பிறகு ஆறுதலாகப் பேசலாம். அதற்கு வழிசெய்யும் தனிநபர் சட்டமூலங்கள் பாராளுமன்றத்தில் ஏற்கெனவே முன்வைக்கப்பட்டவைதான். சின்ன ஒரு திருத்தம், சாதாரணப் பெரும்பான்மை, ஒரு வாரத்து வேலை. மனம் இருந்தால் போதும்.

தேர்தல் நடத்தாமல் விட்டதற்கு அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசு இல்லை என்று நிறுத்தப்பட்டது. மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2024 ஓகஸ்ட் 22ஆம் திகதி, இது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, தேர்தலை நடத்தச் சொன்னது. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது. கேட்டவர்கள் இருந்தபடியால்தான் கிடைத்தது.

சரி, நாளைக்கே மாகாண சபைத் தேர்தல் அறிவிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நமது ஊரிலிருந்து எல்லாராலும் வாக்களிக்க முடியுமா? முடியாது. பெரிய கதவுக்குப் பின்னால் சின்னச் சின்னக் கதவுகள் பல இருக்கின்றன.

முதலாவது, மாப்பிள்ளைமார். சிரிக்க வேண்டாம். கிழக்கில் நமது வழக்கப்படி கலியாணம் முடித்தவர் பெண் வீட்டுக்குப் போகிறார். வாப்பாவின் வீட்டு இடாப்பில் அவர் பெயர் இருக்கும். "இவர் இங்கே இல்லை" என்று ஜீ.எஸ். அதை நீக்கலாம். மாமனார் வீட்டில் சேர்க்க யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. அடுத்த தேர்தலில் அவர் இரண்டு ஊரிலும் இல்லாதவர் ஆகிவிடுகிறார். வாடகை வீட்டில் இருப்பவர்கள், விவாகரத்தாகித் திரும்பி வந்த சகோதரிகள், உம்மாவோடு இடம் மாறிய பிள்ளைகள் எல்லாருக்கும் இதே நிலைதான். இடாப்பு ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி 1ஆம் திகதியை வைத்துத் தயாராகிறது. அந்தத் திகதிக்குப் பிறகு 18 வயதாகிறவர்களைக் குறைநிரப்பு இடாப்பில் சேர்க்க 2021இல் சட்டமும் வந்திருக்கிறது. உயர்தரம் படிக்கிற எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

இரண்டாவது, வெளிநாட்டில் இருப்பவர்கள். கடந்த சில வருடங்களாக ஆண்டுக்கு மூன்று இலட்சம் அளவிலானவர்கள் வேலைக்காக நாட்டை விட்டுப் போகிறார்கள். கட்டாரிலும் சவூதியிலும் குவைத்திலும் இருக்கிற நமது காக்காமாரும் ராத்தாமாரும் அனுப்பும் டொலர்தான் 2022இன் நெருக்கடிக்குப் பிறகு நாட்டைத் தூக்கி நிறுத்தியதில் பெரும் பங்கு. ஆனால் அவர்களுக்கு அங்கிருந்து வோட்டுப் போட வழியே இல்லை. பிலிப்பைன்ஸ் 2003இலேயே இதற்குச் சட்டம் இயற்றியது. அந்த நாட்டு வீட்டுப் பணிப்பெண் வளைகுடாவில் இருந்தபடியே தன் நாட்டுத் தேர்தலில் வாக்களிக்கிறார். பக்கத்து வீட்டில் அதே வேலை செய்யும் நமது சகோதரி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது, உள்நாட்டிலேயே தூரத்தில் இருப்பவர்கள். அரச ஊழியர்களான எங்களுக்குத் தபால் மூல வாக்கு இருக்கிறது. கொழும்பில் புடைவைக் கடையில் நிற்கிற பையனுக்கு இல்லை. சட்டப்படி தனியார் துறையினருக்கும் சம்பளத்தோடு விடுமுறை கொடுக்க வேண்டும். வாக்களிப்பு நிலையம் 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 40 முதல் 100 வரை ஒரு நாள், 100 முதல் 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள் என்று தேர்தல் காலங்களில் அறிவிக்கிறார்கள். நாட்கூலிக்காரருக்கு அந்த அறிவித்தலால் என்ன பயன்? விடுமுறை கிடைத்தாலும் கொழும்பிலிருந்து கிழக்குக்கு வந்து போகிற பஸ் காசு யார் தருவது? கட்சிக்காரர் தருவார். தந்தவர் சும்மா தரமாட்டார்.

நான்காவது, நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, தானாக வாக்களிக்க முடியாதவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு முன்கூட்டியே தகுதிச் சான்றிதழ் எடுத்துவைக்க வேண்டும். ஆனால் வைத்தியசாலையில் படுத்திருப்பவருக்கும், பிரசவத்துக்குப் போன தாய்க்கும், படுக்கையிலேயே இருக்கிற வாப்பாவுக்கும் வழி இல்லை. தேர்தல் கடமைக்குப் போகிற ஆசிரியர்கள் எல்லாரும் பார்த்த காட்சி ஒன்று உண்டு: பாடசாலைப் படிக்கட்டில் ஒரு மூதாட்டியைக் கதிரையோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஏறுவது. அதைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். ஒரு சாய்தளம் கட்டியிருந்தால் அந்த உம்மா யார் தயவும் இல்லாமல் உள்ளே போயிருப்பார்.

ஐந்தாவது, வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட நமது உறவுகள். புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு மன்னாரில் பெயரைப் பதிந்து வைத்திருப்பவர்கள் பலர். ஊர் திரும்பும் நம்பிக்கையின் கடைசிக் கயிறு அந்தப் பதிவு. 2013இல் அவர்களுக்கென்று விசேட ஏற்பாடுகள் சட்டம் ஒன்று தற்காலிகமாக வந்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலன்று வாக்களிப்பதற்காக மன்னாருக்குப் போன அவர்களின் பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்ச் சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு வோட்டுப் போட நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம் போய், வழியில் சூடும் வாங்க வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? இருக்கிற இடத்திலேயே, தம் சொந்த மாவட்டத்துக்கு வாக்களிக்க நிரந்தர ஏற்பாடு வேண்டும்.

ஆறாவது, போட்டும் எண்ணப்படாத வோட்டு. 2024 பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்க ஆறு இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. மக்களுக்கு மூளை இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று போடலாம். பாராளுமன்றத்தில் கட்சிக்குப் புள்ளடி, பிறகு விருப்பு இலக்கம். உள்ளூராட்சியில் ஒரே ஒரு புள்ளடி. ஏழெட்டு மாதத்துக்குள் மூன்று தேர்தல், மூன்று விதம். படித்தவர்களே தடுமாறினார்கள்.

வாக்குரிமையைப் பறிக்க இனி யாராலும் முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். 1931இலேயே ஆண், பெண், ஏழை, பணக்காரன் பாராமல் எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு இது. அதே நாட்டில் 1948இலும் 1949இலும் வந்த சட்டங்கள் மலையகத் தமிழ் மக்களின் பிரஜாவுரிமையையும் வாக்கையும் பறித்தன. அதைத் திரும்பப் பெற அவர்களுக்குப் பல தசாப்தங்கள் எடுத்தன. அன்று பக்கத்து வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் பேசாமல் இருந்தார்கள். அதனால் இது முஸ்லிம்களின் பிரச்சினை, தமிழர்களின் பிரச்சினை என்று பிரிக்காமல் பேச வேண்டும். மாகாண சபைத் தேர்தல் இல்லாமல் காலியிலும் குருணாகலிலும் இருக்கிற சிங்களச் சகோதரர்களும் நம்மைப் போலத்தான் வெளியில் நிற்கிறார்கள்.

அரசாங்கத்திடம் நாம் கேட்க வேண்டியவை இவை:

1. பழைய விகிதாசார முறையில் மாகாண சபைத் தேர்தலை நடத்தச் சட்டத்தைத் திருத்துங்கள், திகதியை அறிவியுங்கள்.
2. சபையின் காலம் முடிந்தால் குறித்த நாட்களுக்குள் தேர்தல் கட்டாயம் என்பதையும், மாகாண வாக்குரிமையையும் அரசியலமைப்பிலேயே எழுதுங்கள்.
3. வெளிநாட்டில் உழைப்பவர்களுக்குத் தூதரகங்களில் வாக்களிப்பு.
4. தனியார் துறையினர், நோயாளிகள், கர்ப்பிணித் தாய்மார், தூர இடங்களில் வேலை செய்வோர் ஆகியோருக்கு முற்கூட்டிய வாக்களிப்பு நிலையங்கள்.
5. எல்லா வாக்களிப்பு நிலையங்களிலும் சாய்தளம். முகம் மூடும் சகோதரிகள் பெண் அலுவலர் முன் அடையாளத்தை உறுதிப்படுத்த எழுத்து மூல ஏற்பாடு.

நாம் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. பெயர் இருக்கிறதா என்று தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டுப் பார்க்கலாம். போன் தெரியாத பெரியவர்களுக்கு மஹல்லாவில் உள்ள இளைஞர்கள் பார்த்துக் கொடுக்கலாம். திருத்த இடாப்பு ஜீ.எஸ். காரியாலயத்திலும் பிரதேச செயலகத்திலும் காட்சிக்கு வரும்போது பள்ளிவாசலில் ஒரு அறிவித்தல் போதும். ஜனாஸா அறிவித்தல் ஐந்து நிமிடத்தில் ஊர் முழுக்கப் போகிறதென்றால், இதுவும் போகும். புதிதாகத் திருமணப் பதிவு நடக்கிற இடத்தில் "இடாப்பை மாற்றியாச்சா மாப்பிள்ளை?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றத் தேர்தல் நடத்துகிறோம். அதில் மாதிரி வாக்குச்சீட்டு மூன்று விதத்தையும் அச்சடித்துப் பிள்ளைகளின் கையில் கொடுப்போம். வீட்டுக்குப் போய் உம்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.

இன்னொன்று. வீட்டுப் பெண்களின் வோட்டு அவர்களுடையது. வாக்குச்சீட்டு இரகசியமானது என்று சட்டம் சொல்வது கணவனுக்கும் மகனுக்கும் ஜமாஅத்துக்கும் சேர்த்துத்தான். அரசாங்கம் வைத்த தடையை எதிர்த்துப் பேசுகிற நாம், நமது வீட்டு வாசலில் ஒரு தடையை வைத்துக்கொண்டு பேச முடியாது.

அடுத்த தடவை ஊருக்கு வருகிற பாராளுமன்ற உறுப்பினரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், வீதி விளக்குக் கேட்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கட மாகாண சபை வோட்டு எப்ப?" அவர் சொல்கிற பதிலைத் திகதியோடு எழுதி இங்கே பதிவிடுங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரித்துவிட்டுப் போவார். ஊரே கேட்டால் கொழும்பில் போய்ப் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்தப் பதிவில் தகவல் பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்துவோம். உங்கள் வீட்டில் இடாப்பில் பெயர் இல்லாதவர் இருந்தால் இன்றைக்கே ஜீ.எஸ்.ஸைப் பார்க்கச் சொல்லுங்கள். மற்றவர்களுக்கும் பகிருங்கள்.